டிம்ப்னா மெக்கர்க்கின் கிழங்கு ரொட்டியும் டிரம்கில்லிப் பாலமும்

டிம்ப்னா மெக்கர்க் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியைத் தின்றவர்களால் டிரம்கில்லிப் பாலத்தைத் தாண்ட முடியாது. பாதிப் பாலம் வரைக்கும் தாராளமாகப் போகலாம். அங்கே கால் நின்றுவிடும். வலி கிடையாது, மயக்கம் கிடையாது, யாரும் பிடித்து இழுப்பதும் கிடையாது. அதற்கு மேல் நடப்பது என்பது அந்த உடம்புக்குத் தெரியாத வேலை ஆகிவிடும், அவ்வளவுதான். முதலில் மாட்டியவர் ஓமா ஊர்ப் பக்கத்திலிருந்து முட்டை வாங்க வந்த வியாபாரி. பசியோடு வந்த மனுஷருக்கு டிம்ப்னா இரண்டு துண்டு வைத்தாள், பன்றிக் கொழுப்பில் பொரித்து. மனுஷர் வாயைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். பாலத்தின் நடுவில் சக்கரம் சுற்றுகிறது, இன்ஜின் கத்துகிறது, லாரி ஒரு அங்குலம் நகரவில்லை. என்ன கோளாறு என்று பார்க்க அவர் கீழே இறங்கினார். உடனே லாரி ஆளில்லாமலேயே கிளம்பி, அடுத்த ஊர் வரைக்கும் போய், எந்தக் கடையில் முட்டை இறக்க வேண்டுமோ அந்தக் கடை வாசலில் ஒழுங்காக நின்றது. ஒரு முட்டை உடையவில்லை. வியாபாரி டிரம்கில்லியிலேயே தங்கிக் கோழி வளர்க்க ஆரம்பித்தார். அயர்லாந்தை இரண்டாகப் பிரிக்கிற எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெண்ணெய் கடத்துகிறவர்களைப் பிடிக்க வந்த சுங்க அதிகாரிக்கும் அதே கதைதான். அவர் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, பிறகு அந்தக் கடத்தல் வெண்ணெயையே விற்கிற கடை போட்டார். நல்ல வெண்ணெய் என்று பெயர்.

இதெல்லாம் போர் முடிந்தும் ரேஷன் அட்டை இன்னும் ஒழியாத வருஷங்களில். டிம்ப்னாவின் அம்மா சுட்ட காலத்தில் ரொட்டிக்கு இந்தக் குணம் இல்லை. அம்மா கண்ணை மூடி, இரும்புக் கல்லும் அடுப்பும் மகள் கைக்கு வந்த பிறகுதான். கைப்பக்குவம் என்று ஊர் சொன்னது. அவள் செய்த முறையில் ஒரு மந்திரமும் இல்லை. மாவாக உதிர்கிற சிவப்புத் தோல் கிழங்கு, தோலோடு வேக வைப்பாள். தண்ணீரை வடித்துவிட்டுப் பானைக்கு மேல் துணியைப் போட்டு அடுப்போரம் வைத்து ஈரத்தை விரட்டுவாள். தோலை உரிக்கும்போது விரல் சுட வேண்டும். சுடவில்லை என்றால் அந்தக் கிழங்கு கோழிக்குத்தான். சூட்டோடு மசித்து, உப்பு, வெண்ணெய், ஒட்டாமல் இருக்க எவ்வளவு மாவு வேண்டுமோ அவ்வளவு மட்டும். வட்டமாகத் தட்டி, கத்தியால் குறுக்கும் நெடுக்கும் நாலாக வெட்டி, காய்ந்த கல்லில் போடுவாள்.

அந்தக் குறுக்கு நெடுக்கு வெட்டில்தான் சண்டை வந்தது. டிரம்கில்லியில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் மற்றவர்கள். மழை பெய்கிறதா இல்லையா என்பதிலேயே இரண்டு கட்சி உண்டு. மெக்கர்க் வீட்டில் பூசை வைத்துவிட்டு அங்கேயே காலைச் சாப்பாடு சாப்பிட்ட ஃபாதர் மல்க்ரூ, வட்டம் முழுவதையும் ஒரே ஆளாகத் தின்று தீர்த்திருந்தார். பிஷப் அவரை வேறு பங்குக்கு மாற்றினார். ஃபாதர் பெட்டியோடு பாதிப் பாலம் போய்த் திரும்பினார். பிஷப் மறுபடி மாற்றினார்; ஃபாதர் மறுபடி பாதிப் பாலம். ஒரு தவக்காலம் முழுக்கப் பட்டினி கிடந்தும் பார்த்தார். உடம்பு இளைத்ததே தவிரப் பாலம் இளகவில்லை. விஷயத்தை விசாரிக்க, மற்றவர்களின் புராட்டஸ்டண்டுப் பாதிரி ஹெஸ்லிப்பும் ஒரு நாள் டிம்ப்னாவின் சமையலறைக்கு வந்தார். கத்தோலிக்க அடுப்பில் சுட்டதைத் தொடுவதில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"சந்தேகமே வேண்டாம். ரொட்டி மேல சிலுவை போடுறா பாருங்க. அந்தச் சிலுவை பிடிச்சு வைக்குது" என்றார் ஃபாதர்.

"சிலுவையா? வட்டத்த நாலாப் பங்கு போட வேற எப்படி வெட்டுவீங்க? அது சிலுவை இல்ல ஐயா, கத்தி" என்றார் ஹெஸ்லிப்.

"அப்போ எங்க ஆளுங்க மட்டும் ஏன் மாட்டுறாங்க?"

"உங்க ஆளுங்கதான் ஓசியில தின்னுறாங்க."

டிம்ப்னா கல்லிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்தாள். வெண்ணெய் அதன் மேல் உருகி ஓரத்தில் வழிந்தது. "ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு வைக்கட்டுமா, இல்ல முதல்ல கடவுள் யார் பக்கம்னு முடிவு பண்ணிடுறீங்களா?" என்றாள். இரண்டு தட்டுகளும் ஒரே நேரத்தில் நீண்டன. பாதிரி ஹெஸ்லிப்பின் மனைவி அந்தச் சமயம் லார்ன் ஊரில் தங்கை வீட்டில் இருந்தாள். செய்தி கேட்டு அங்கேயே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே உடம்பு நன்றாகத் தேறியது.

ஊர் பழகிக்கொண்டது. பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, "மெக்கர்க் வீட்டு ரொட்டி சாப்பிட்டவங்க இறங்கிக்குங்க" என்று நடத்துனர் குரல் கொடுப்பது வழக்கமாயிற்று. லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்கள், கடைசிப் பிள்ளை வளர்ந்ததும் அவனை ஏதாவது சாக்குச் சொல்லி டிம்ப்னா வீட்டுக்கு அனுப்பினார்கள். வேண்டாத மருமகனுக்கு அவள் வீட்டுப் பக்கமே போகாதே என்று பாசத்தோடு புத்தி சொன்னார்கள். ஆனால் அந்த ரொட்டியைச் சுடுகிறவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. அந்தக் கஷ்டத்தின் பெயர் யூனன் கோர்ம்லி.

யூனன் பக்கத்துப் பண்ணைக்காரன். நல்ல தோள், நல்ல பல், பேச்சு மட்டும் வராது. டிம்ப்னாவுக்கு இருபது வயசாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். ரொட்டி தின்பான், தேநீர் குடிப்பான், பசுவைப் பற்றி ஏதாவது சொல்வான், அம்மாவுக்கு ஒரு துண்டைத் தாளில் மடித்துக்கொண்டு போவான். டிம்ப்னாவின் தலையில் நரை வந்தது. அவன் இன்னும் பசுவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். காரணம் அவன் அம்மா வின்னி என்று ஊரே அறியும். ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஒரு தேநீர்க் கெண்டி போதாது என்பது வின்னியின் கட்சி. அந்தப் பக்கத்தில் தாய் போன பிறகு கல்யாணம் செய்துகொள்வது ஒன்றும் புதுசில்லை; ஐம்பது வயசு மாப்பிள்ளைகள் சாதாரணம். ஆனால் வின்னி போகிற ஜாதியாகத் தெரியவில்லை. எண்பதைத் தாண்டி, வருஷா வருஷம் ஒரு பல் புதுசாக முளைத்துக்கொண்டிருந்தது.

தங்கை நுவாலா ஃபிலடெல்ஃபியாவிலிருந்து, "இங்க வந்துடுக்கா, இங்க ஆம்பளைங்க வாயைத் திறந்து பேசுறாங்க" என்று வருஷக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு சந்தை நாளில் டிம்ப்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். சுட்டவளைத் தன் ரொட்டி என்ன செய்யும் என்று ஒரு நம்பிக்கை. பாலத்தின் நடுவில் கால் நின்றது. எதிரே சாலை வளைந்து ஓமாவுக்குப் போனது, ஆட்டுக்குட்டி ஒன்று அதில் நடந்து போனது. அவள் சிறிது நேரம் ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டு, பெட்டியோடு வீட்டுக்கு வந்து கிழங்கு வேக வைத்தாள். ஆக, யூனன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அல்லது அவள் போக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. இவன் எனக்காக வருகிறானா, ரொட்டிக்காக வருகிறானா, இல்லை வேறெங்கும் போக முடியாமல் வருகிறானா? பாலம் தாண்ட முடியாத ஊரில் ஒருத்தன் வருகிறான் என்பதை வைத்து என்ன தெரிந்துகொள்வது?

அறுவடை முடிந்த சமயத்தில் கல்லை இறக்கும்போது டிம்ப்னாவுக்கு வலது கை வெந்துபோனது. துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை யூனன் வந்து, தொப்பியைக் கழற்றி, வெறும் மேசையைப் பார்த்தான்.

"ரொட்டி இல்லியா?"

"கை இருந்தாத்தானே ரொட்டி."

"அட." அவன் கையைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், மறுபடி மேசையைப் பார்த்தான். "அம்மா காத்துக்கிட்டு இருப்பாளே."

"அப்போ நீயே சுடு. கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

டிரம்கில்லியில் ஆண்பிள்ளை கல்லைத் தொடுவது என்பது, ஃபாதர் மல்க்ரூ பாவாடை உடுத்திக்கொண்டு நடனமாடுவதற்குச் சமம். யூனன் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தான். மூலையில் கோழிக்காகக் காலையில் வேக வைத்துப்போட்ட கிழங்கு ஒரு வாளி நிறைய இருந்தது; புதுக் கிழங்கு, சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று, ஜில்லென்று. அவன் அதில் கை விட்டான்.

"அது ஆறிப்போன கிழங்கு, யூனன். அதுல வராது. சுடச்சுட மசிக்கணும்."

"கிழங்கு கிழங்குதானே."

"அது கோழிக்கு வச்சது."

"கோழி குறை சொல்லுச்சா?"

கிழங்கு மசிய மறுத்தது. ஒட்டியதால் மாவு போட்டான். காய்ந்ததால் தண்ணீர் விட்டான். தண்ணீர் ஆனதால் மாவு போட்டான். உப்பை மறந்தான். வெட்டும்போது கத்தி நடுவில் மாட்டிக்கொண்டது, காலை ஊன்றி இழுத்து எடுத்தான். டிம்ப்னா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, வெந்த கையை மேசையில் இடித்துக்கொண்டாள். கல்லிலிருந்து இறங்கியது செருப்பின் அடிப்பாகம் போல இருந்தது. ஓரம் கருப்பு, நடு வெள்ளை. யூனன் அதை முகர்ந்து பார்த்தான். பசி அவ்வளவு இல்லை என்று சொன்னான். ஆனாலும் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனான்.

மகன் சுட்டது என்று தெரிந்ததும் வின்னி கோர்ம்லி அதை விடவில்லை. "என் பிள்ளை கையால முதல் ரொட்டி. அந்த மெக்கர்க்காரி ரொட்டிய விட ஆயிரம் மடங்கு மேல்" என்று, இருக்கிற பல் எல்லாவற்றையும் பயன்படுத்தி இரண்டு துண்டு தின்றாள். மீதியை, வாசலுக்கு மேய வந்திருந்த முட்டை வியாபாரியின் கோழிகளுக்குப் போட்டாள். மறுநாள் காலை வின்னிக்குக் கால் குறுகுறுத்தது. கோட்டை மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கோழிகள் வரிசையாக இறங்கின. பாலத்தில் ஏறி, நடுவில் நிற்காமல், அந்தப் பக்கம் இறங்கி, வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பால் வண்டிக்காரன் பார்த்து, "பாட்டி, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கத்தினான். "கிளாஸ்கோவுக்கு! சின்னவன் வீட்டுக்கு! எத்தனை வருஷமாக் கூப்பிடுறான் தெரியுமா!" என்றாள் வின்னி. "யூனன்?" என்றதற்கு, "அவனுக்கென்ன, அவனுக்குத்தான் ரொட்டி சுடத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். கோழிகள் பஸ்ஸில் ஏறவில்லை. அவை நடந்தே தெற்குப் பக்கமாகப் போயின. முட்டை வியாபாரி பாதிப் பாலத்தில் நின்று, இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார்.

செய்தி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. வீட்டுக்கு வீடு, டிம்ப்னாவுக்கு இனி விடிந்தது என்று பேசினார்கள். டிம்ப்னாவும் அப்படித்தான் நினைத்தாள். தடையாக இருந்த கெண்டிக்காரி தானாகவே போய்விட்டாள். வெந்த கையால் அவளால் ரொட்டி சுடவும் முடியாது. இனி அவன் வந்தால் அவளுக்காக வந்ததாகத்தான் அர்த்தம். அந்த வாரம் அவள் திரைகளைத் துவைத்தாள், இடது கையாலேயே. ஞாயிற்றுக்கிழமை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யூனன் வந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வீடு வெறிச்சுன்னு கெடக்கு, டிம்ப்னா."

"கெடக்கும்தான்."

"ராத்திரி ஒரு சத்தம் கெடையாது. பேச ஆள் இல்ல."

"ஆமா."

"நானும் ஒரு வாரமா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். உன்கிட்டதான் கேக்கணும்னு."

"கேளேன்."

"ஒரு நாய் வாங்கலாமான்னு."

டிம்ப்னா நெருப்பைக் கிளறினாள். கிளற வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் கிளறினாள். "என்ன நாய்?" என்றாள்.

"ஆடு மேய்க்கிற ஜாதி. கொஞ்சம் வளர்ந்ததா."

"வாங்கு. நல்ல துணை." பிறகு சொன்னாள்: "யூனன், உன் அம்மா இருந்தப்போ அம்மாவக் காரணம் சொன்னாங்க. நீ ஒரு நாளும் சொன்னதில்ல, ஊருதான் சொல்லுச்சு. இப்போ என்ன காரணம்?"

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. எழுந்து அந்தக் கிழங்க எடு. இன்னொரு ரொட்டி சுடு."

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா நல்லா இருந்துச்சுன்னு சொன்னாளே" என்று சட்டைக்கையை மடித்துக்கொண்டான். இந்த முறை திரையைக்கூட இழுக்கவில்லை. ஆறிய கிழங்கு, மாவு, தண்ணீர், மறுபடி மாவு. போன தடவையைவிட மோசமாக வந்தது, ஏனென்றால் இப்போது தன்னம்பிக்கை வேறு சேர்ந்திருந்தது. டிம்ப்னா ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். தேநீரில் நனைத்தாள், அது நனையவில்லை. கடைவாயில் வைத்து அரைத்தாள். மூன்று துண்டு உள்ளே போயிற்று. கண்ணில் தண்ணீர் நின்றது, அது ரொட்டியாலா என்று அவனுக்குத் தெரியாது.

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு, யூனன்."

"இருந்தும் தின்னுறியே?"

"ஆமா. தின்னுறேன்."

மறுநாள் அவள் பாலத்தின் மேல் நடந்தபோது நடு இடம் வந்தது, போனது. நின்று திரும்பிக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் இறங்கிப் பெட்டியைக் கீழே வைத்த பிறகுதான் திரும்பினாள். யூனன் மாடுகளை விட்டுவிட்டு ஓடி வந்து நடுப்பாலத்தில் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான்.

"டிம்ப்னா! எங்க போற?"

"போறேன். தெரியலியா?"

அவன் காலை உந்திப் பார்த்தான். வரவில்லை. அவனுக்குப் பின்னால் ஃபாதர் மல்க்ரூ, பாதிரி ஹெஸ்லிப், சுங்க அதிகாரி, இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் பாதிப் பாலத்தில் ஒரே கோட்டில் நின்றார்கள், பல் வரிசை மாதிரி.

"கட்டிக்கலாம்!" என்று கத்தினான் யூனன். அவன் குரலில் இவ்வளவு சத்தம் உண்டு என்று மாடுகளுக்குக்கூடத் தெரியாது. "நாம கட்டிக்கலாம் டிம்ப்னா! இந்தா ஃபாதர்கூட இருக்காரு! திரும்பி வா!"

டிம்ப்னா மீதியிருந்த அந்த நாலாவது துண்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். திரும்ப நடுப்பாலம் வரைக்கும் நடந்து போய், கைப்பிடிச் சுவரில் அவன் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி அந்தப் பக்கம் போய் நின்றாள். "நீ வா. உன் ரொட்டிதான், தின்னுட்டு வா. பஸ் இன்னும் வரல" என்றாள். யூனன் அதை எடுத்து ஒரு கடி கடித்தான். கால் ஒரு அடி நகர்ந்தது. கூட்டம் ஆவென்றது. இன்னொரு கடி, இன்னொரு அடி. பிறகு நின்று மென்றான். மென்றுகொண்டே இருந்தான். முகம் ஒரு மாதிரி ஆனது.

"உப்பே இல்லியே, டிம்ப்னா" என்றான். "நாளைக்கு உப்புப் போட்டு ஒண்ணு சுட்டுத் தின்னுட்டு வர்றேனே?"

பஸ் வந்தது. அவள் ஏறினாள். நடத்துனர் பழக்க தோஷத்தில், "மெக்கர்க் வீட்டு ரொட்டி சாப்பிட்டவங்க..." என்று ஆரம்பித்து, ஆளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

யூனன் உப்புப் போட்டுச் சுட்டதாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தானே தின்ன வாய் வரவில்லை. ஊரில் மற்றவர்களுக்குத் தின்ன வாய் வந்தது. முட்டை வியாபாரி ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்று, தன் கோழிகளைத் தேடித் தெற்கே போனார். ஃபாதர் மல்க்ரூ இரண்டு துண்டில் பிஷப்பிடம் போய்ச் சேர்ந்தார். பிஷப் அவரை உடனே டிரம்கில்லிக்கே மாற்றினார். அயர்லாந்தை விட்டுப் போக நினைத்த பிள்ளைகள் எல்லாரும் முதல் நாள் சாயந்திரம் கோர்ம்லி வீட்டுக் கதவைத் தட்டுவது வழக்கமாயிற்று. யூனன் ஒன்றும் கேட்காமல் ஆறிய கிழங்கை எடுப்பான். நாய் பக்கத்தில் படுத்திருக்கும். பாலத்துக்குத் தார் போட்ட வருஷம் அவன் ஒரு முழுத் துண்டைக் கஷ்டப்பட்டு முடித்துவிட்டு அந்தக் கோடி வரைக்கும் போனான். நின்று சாலையைப் பார்த்தான். இந்தப் பக்கம் மாதிரியேதான் இருக்கிறது என்று நாயிடம் சொல்லிவிட்டு, பால் கறக்கத் திரும்பி வந்தான்.

ஃபிலடெல்ஃபியாவில் டிம்ப்னாவிடம் டிராம் வண்டியில் டிக்கெட் கொடுக்கிற காசிமிர் என்கிற போலந்துக்காரன் முதல் வாரம் பெயர் கேட்டான், அடுத்த வாரம் கல்யாணம் கேட்டான். அவள் சரியென்றாள், ஆனால் ரொட்டி மட்டும் சுடவில்லை. கடை ரொட்டி வாங்கினாள். அதற்கு ருசியும் இல்லை, குணமும் இல்லை. போகிறவன் போகட்டும் என்று சமையலறைக் கதவைச் சாத்தாமலேயே வைத்திருந்தாள். காசிமிர் காலையில் போவான், சாயந்திரம் வருவான். வருஷங்கள் இப்படிப் போயின. ஒரு மழை நாளில் நுவாலா வந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுப் போன பிறகு அவன் கேட்டான்:

"உன் தங்கச்சி சொல்றது நிஜமா? நீ சுட்டா ஆளு நகர முடியாதா?"

"நிஜம்தான்."

"எனக்கு ஏன் ஒரு நாளும் சுட்டுத் தரல?"

"சுட்டா நீ இந்தத் தெருவோட கெடப்ப, மனுஷா. ஆயுசுக்கும்."

"அது தெரியுது. வெண்ணெய் வச்சுத் தருவியா, கொழுப்புல பொரிப்பியான்னு கேக்குறேன்."

டிம்ப்னா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கிழங்கை அடுப்பில் வைத்தாள். தோலை உரித்தபோது விரல் சுட்டது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வட்டத்தைப் பாதிப் பாதியாகத் தின்றார்கள். மறுநாள் காலை காசிமிரை ஏற்றிக்கொண்ட டிராம் தெரு முனையில் நின்று மணியடித்துக்கொண்டே இருந்தது. அவன் இறங்கி, தொப்பியையும் டிக்கெட் பையையும் ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தான். டிராம் கம்பெனி வேறு ஆளைப் போட்டது. காசிமிர் வாசல் அறையில் செருப்பு தைக்க உட்கார்ந்தான், தெருவில் எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.